ஏழு நாள் காகிதம்

சேவூர் ரோடு, அவிநாசி
20.1.2025

முத்தலிப் பாய் அவர்களுக்கு,

புவனா எழுதுகிறேன். உறைமேல் என் பெயரைப் பார்த்ததும் கிழித்துப் போடாமல் இவ்வளவு தூரம் வந்திருந்தால் மீதியையும் படித்துவிடுங்கள். போனில் உங்களோடு ஒரு வார்த்தை பேசக் கூடாது என்று எங்கள் வக்கீல் சொல்லியிருக்கிறார். கடிதம் எழுதக் கூடாது என்று சொல்லவில்லை. இந்தக் காலத்தில் யார் எழுதப் போகிறார்கள் என்று நினைத்திருப்பார்.

எனக்கு ஒரு சாமான் வேண்டும். பீளமேட்டு கம்பெனியில் மீட்டர் பழுது பார்த்த எட்டு வருஷமும் உங்கள் கடைக்கு வந்தவள் நான். மூடிப்போன மில் ஒன்றிலிருந்து ஏலத்தில் எடுத்த ஈரப்பதப் பெட்டிகள் உங்கள் கடை மச்சில் கிடந்தன. உள்ளே பித்தளை உருளை. சாவி கொடுத்தால் ஏழு நாளைக்கு ஒரு சுற்று சுற்றும். மேலே காகிதம் சுற்றினால் ஒரு சின்னப் பேனா வாரம் முழுக்கக் கோடு போட்டுக்கொண்டே இருக்கும். நூல் அறைக் காற்றில் எந்த மணிக்கு எவ்வளவு ஈரம் இருந்தது என்று மேனேஜர் திங்கட்கிழமை எடுத்துப் பார்ப்பார். அதில் ஒன்று வேண்டும். கூடவே பழைய பெரிய வோல்ட் மீட்டர் ஒன்று, ஊசி கனமானதாக.

எதற்கு என்று மறைக்கப் போவதில்லை. போன சித்திரையில் என் வீட்டுக்காரர் மனோஜ்குமார் எங்கள் மோட்டார் ரூமில் ஸ்டார்ட்டர் பெட்டியைத் தொட்டுச் செத்தார். அந்தப் பெட்டிக்கு ஒயரிங் செய்தது உங்கள் மகன் சாஹில். போலீஸில் அவன் பெயரைக் கொடுத்தது நான். ஆனால் கரண்டு எங்கிருந்து பெட்டிக்கு வந்தது என்று இன்றுவரை ஒருவரும் காட்டவில்லை. பகலில் மீட்டர் வைத்தால் இரண்டு வோல்ட், மூன்று வோல்ட். "இதுல எலி கூடச் சாகாதுங்க அம்மணி" என்று பார்க்க வந்தவர் சிரித்துவிட்டுப் போனார். திருடன் எப்போதோ வந்து போகிறான். வாரம் முழுக்க அங்கேயே காவல் இருக்க ஒரு பெட்டி வேண்டும். கம்ப்யூட்டரில் பதிந்தால் திருத்திவிட்டேன் என்பார்கள். மை போட்ட கோட்டை அப்படிச் சொல்ல முடியாது.

ஏப்ரல் 21 வாய்தா. அதற்குள் முடிக்க வேண்டும். இந்தச் சாமான் உங்களிடம் தவிர வேறெங்கும் இல்லை. அதனால்தான் உங்களிடம் கேட்கிறேன், வேறு எதனாலும் இல்லை.

புவனா


கோட்டைமேடு, கோவை
27.1.2025

புவனா அம்மணிக்கு,

கடிதத்தைக் கிழிக்கத்தான் போனேன். என் வீட்டுக்காரி ஜாஹிதா பிடுங்கி, படித்துவிட்டு, அடுப்படிக்குப் போய்விட்டாள். பிறகு நானும் படித்தேன்.

நல்ல வியாபாரம்தான் கேட்கிறீர்கள். என் பிள்ளையை உள்ளே தள்ள ஒரு பெட்டி செய்யப் போகிறீர்கள், அதற்குச் சாமான் நான் தர வேண்டும். உங்களை எத்தனை நாள் கடை ஸ்டூலில் உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்திருப்பேன். "நம்ம தோட்டத்துக்கு ஒயரிங் பண்ணணுமுங்க பாய், நல்ல ஆளாச் சொல்லுங்க" என்று கேட்டதும் நீங்கள்தான். நல்ல ஆள் என்று என் மகனையே அனுப்பினேன். அன்று வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

சாஹிலிடம் கேட்டேன். "எர்த்து நட்டை ரெண்டு தடவை முறுக்குனேன் அத்தா. கையால இழுத்தும் பாத்தேன்" என்கிறான். இதையே ஒன்பது மாசமாகச் சொல்கிறான். லைசென்ஸ் முடங்கிக் கிடக்கிறது. துபாய்க்கு விசா வந்தது, கேஸ் இருப்பதால் போக முடியவில்லை. இரண்டு வீட்டில் பெண் பேசினோம், இரண்டிலும் மெதுவாகப் பின்வாங்கிவிட்டார்கள்.

சாமான் அனுப்புகிறேன். இரும்புக்கும் பித்தளைக்கும் கட்சி கிடையாது, உள்ளதைத்தான் காட்டும். ஆனால் ஒரு பேச்சு. உங்கள் காகிதம் என் மகன்தான் என்று காட்டினால், நானே அவன் கையைப் பிடித்துக்கொண்டு போய்க் கோர்ட்டில் நிறுத்தி ஒப்புக்கொள்ள வைப்பேன். இல்லை என்று காட்டினால், நீங்கள் எங்கள் வீட்டுக்கு வந்து, ஜாஹிதா முன்னால் நின்று, அதைச் சொல்ல வேண்டும். சம்மதமா?

உருளையின் சாவி தனியாக ஒரு பொட்டலத்தில் இருக்கிறது. தொலைத்துவிட வேண்டாம், வேறு இல்லை.

அப்துல் முத்தலிப்


அவிநாசி
16.2.2025

பாய்,

சம்மதம்.

பெட்டி வந்தது. உருளை ஒரு வாரத்துக்கு நாலு நிமிஷம்தான் பின்தங்குகிறது. ஐம்பது வருஷம் மில்லில் பஞ்சு தின்ற சாமானுக்கு இந்தத் துல்லியமே அதிகம். ஆனால் வோல்ட் மீட்டர் ஊசியில் பேனாவைக் கட்டினால் காகிதத்தோடு ஒட்டிக்கொண்டு நகர மாட்டேன் என்கிறது. ஒரு சின்ன ஆம்ப்ளிபயர் கட்டி ஊசிக்குப் பலம் கொடுத்தேன். இப்போது நகர்கிறது, ஆனால் மை இரண்டு நாளில் காய்ந்துவிடுகிறது. இந்த ஊர் வெயில் உங்களுக்குத் தெரியும், மாசியிலேயே மண் பொரிகிறது. மில்லில் என்ன மை ஊற்றினார்கள் என்று விசாரித்துச் சொல்லுங்கள்.

இன்னொன்று. ஆயிரத்தைந்நூறு ஓமில் கம்பி சுற்றிய ரெசிஸ்டர் ஒன்று, ஐம்பது வாட் தாங்குவது. எதற்கு என்றால், சாதாரண மீட்டர் சும்மா காற்றில் வரும் கரண்டைக் கூட நூறு வோல்ட் என்று காட்டும். அது ஆளைக் கொல்லாது. ஒரு ஆள் நின்று தொட்டால் என்ன பாயுமோ அதைத்தான் நான் அளக்க வேண்டும். ஈரக் கால், ஈரக் கை உள்ள மனுஷ உடம்பு கிட்டத்தட்ட ஆயிரத்தைந்நூறு ஓம். பெட்டிக்கும், அவர் நின்ற இடத்தில் மண்ணில் அடித்த கம்பிக்கும் நடுவே அந்த ரெசிஸ்டரை வைக்கப் போகிறேன்.

அவர் இடத்தில் அது நிற்கும். இதை என் மாமனாரிடம் சொன்னேன். பாலுசாமிக் கவுண்டர் அழுது நான் பார்த்ததில்லை, அன்றும் அழவில்லை. "உனக்கு வேற சோலி இல்லையா கண்ணு" என்று மட்டும் கேட்டுவிட்டு மாட்டைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்.

புவனா


கோவை
9.3.2025

அம்மணிக்கு,

நோன்பு நடக்கிறது, அதனால் தாமதம். மில்லில் பிட்டராக இருந்த அழகிரிசாமி அண்ணனைத் துடியலூர் வரை போய்ப் பார்த்தேன். மையில் பாதிக்குப் பாதி கிளிசரின் ஊற்ற வேண்டுமாம். "கோடை வந்தா பத்துச் சொட்டு சேத்திப் போடுங்க" என்றார். பழைய பேனா முனை மூன்றும் அவரே எடுத்துக் கொடுத்தார். எதற்கு என்று கேட்டார். சொன்னேன். கொடுத்த முனைகளைத் திருப்பி வாங்கிக்கொள்வாரோ என்று பயந்தேன். வாங்கவில்லை.

ரெசிஸ்டர் ஒன்றாகக் கிடைக்கவில்லை. எழுநூற்றைம்பதில் இரண்டு இருந்தது, வரிசையாகக் கட்டிக்கொள்ளுங்கள். கட்டிக் கொடுத்தது சாஹில். யாருக்கு என்று தெரிந்துதான் கட்டினான். ஈயம் வைத்த இடத்தைப் பாருங்கள், அவன் கைவேலை எப்படி என்று உங்களுக்கே தெரியும்.

அவன் பேச்சு இப்போது மாறிவருகிறது. "ரெண்டு தடவை முறுக்குனேன்" என்று சொன்னவன், "முறுக்கியிருப்பேன் அத்தா" என்கிறான். போன வாரம் நோன்பு திறக்கும்போது, "முறுக்குனனா?" என்று என்னையே கேட்கிறான். ஒரே விஷயத்தைப் பத்து மாசம் திருப்பித் திருப்பிக் கேட்டால் எவனுக்கும் சொந்தக் கை மேலேயே சந்தேகம் வந்துவிடும்.

ஒன்று கேட்க வேண்டும். போலீஸ் எழுதினதில், பிணத்தின் பக்கத்தில் பிளாஸ்டிக் குடம் ஒன்று கவிழ்ந்து கிடந்தது, தரை ஈரம் என்று இருக்கிறது. சாயங்காலம் ஏழு மணிக்கு மோட்டார் ரூமுக்கு ஒருவர் ஏன் குடத்தோடு போனார்?

முத்தலிப்


அவிநாசி
7.4.2025

பாய்,

பிடித்துவிட்டேன்.

மார்ச் 31 திங்கள் காலை ஆறு மணிக்கு உருளையை ஓட விட்டேன். இன்று காகிதத்தை எடுத்தேன். நகல் இதோடு இருக்கிறது, அசல் என்னிடம். பகல் முழுக்கக் கோடு தரையோடு கிடக்கிறது. சாயங்காலம் ஆறரை ஆனால் நேராக ஏறித் தொண்ணூறு வோல்ட் பக்கம் போய் நிற்கிறது. காலை ஆறு மணிக்கு இறங்குகிறது. ஏழு நாளும் இதே. ஒவ்வொரு நாளும் இரண்டு வோல்ட் மூன்று வோல்ட் கூடிக்கொண்டே போகிறது. வெறும் காற்றில் இல்லை, ஒரு ஆள் அளவு ரெசிஸ்டரில் தொண்ணூறு வோல்ட். அறுபது மில்லி ஆம்பியர். அவர் நின்றிருந்தால் மறுபடியும் செத்திருப்பார்.

ஆறரைக்குத்தான் எங்கள் லைனில் மோட்டார் ஓட வேண்டிய மூன்று பேஸ் கரண்டு வருகிறது. வந்ததும் உங்கள் மகன் போட்ட ஒயர் பெட்டிக்குள் எங்கோ கசிகிறது. கசிவதைப் பூமிக்குக் கொண்டுபோக வேண்டிய எர்த்தும் வேலை செய்யவில்லை. இரண்டும் அவன் கைவேலை. அவன் ஈயம் வைத்த இடத்தைப் பார்க்கச் சொன்னீர்கள், பார்த்தேன், சுத்தமாக இருந்தது. தெரிந்தவன் செய்த தப்புக்கு மன்னிப்பு எதற்கு?

குடத்தைப் பற்றிக் கேட்டீர்கள். தோட்டத்தில் குடம் கிடக்காமல் வேறு என்ன கிடக்கும்? கேஸைத் திருப்ப உங்கள் வக்கீல் கேட்கச் சொன்ன கேள்வி என்று நினைக்கிறேன்.

நீங்கள் வாக்குக் கொடுத்தீர்கள். வாய்தா இருபத்தொன்று.

புவனா


கோவை
23.4.2025

புவனா அம்மணிக்கு,

காகிதத்தை சாஹில் முன்னால் விரித்து வைத்தேன். விரலால் கோட்டைத் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தான். "காகிதம் பொய் சொல்லாதுடா" என்றேன். "நீங்க சொன்னாச் சரிங்கத்தா" என்றான். அதற்கு மேல் அவன் வாதாடவில்லை. பத்து மாசத்துக்கு முன்னால் என்றால் வாதாடியிருப்பான்.

திங்கட்கிழமை நானே கூட்டிக்கொண்டு போனேன். குற்றத்தை ஒப்புக்கொண்டான். அபராதத்தோடு விட்டுவிடுவார்கள் என்றுதான் வக்கீல் சொன்னார். மூன்று மாதம் ஜெயில் என்று தீர்ப்பானது. போலீஸ்காரர் கூட்டிக்கொண்டு போகும்போது வாட்சைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டுப் போனான். அவன் அம்மாவுக்கு என்ன சொல்வது என்று தெரியாமல் உக்கடம் பஸ் ஸ்டாண்டில் சாயங்காலம் வரைக்கும் உட்கார்ந்திருந்தேன்.

என் வாக்கு தீர்ந்தது. இனி எழுத வேண்டியதில்லை.

அப்துல் முத்தலிப்


அவிநாசி
29.4.2025

பாய்,

எழுத வேண்டாம் என்றீர்கள். இதை எழுதாமல் இருக்க எனக்கு வழி இல்லை. தயவுசெய்து கடைசி வரை படியுங்கள்.

இரண்டாவது வாரக் காகிதத்தை ஏப்ரல் 14 காலையில் எடுத்தேன். அதில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் கோடு ஏறவே இல்லை. இரவு முழுக்கத் தரையோடு கிடந்தது. பேனா ஒட்டிக்கொண்டது என்று நினைத்தேன். இல்லை, அப்படி எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒட்டிய பேனா சனிக்கிழமை ஆறரைக்குத் தானாக எப்படி ஏறும்? எட்டு வருஷம் மீட்டர் பார்த்தவளுக்கு இது தெரியாதா? வாய்தாவுக்கு ஏழு நாள் இருந்தது. உங்களுக்கு ஒரு கார்டு போட்டிருக்கலாம். அந்தக் காகிதத்தை மடித்துப் பீரோவில் துணிக்கு அடியில் வைத்தேன்.

உங்கள் கடிதம் வந்த பிறகுதான் எடுத்துப் பார்த்தேன். அந்த வெள்ளிக்கிழமை பங்குனி உத்திரம். என் மாமியார் தெய்வாத்தாள் மலைக்குப் போய்விட்டு மறுநாள்தான் வந்தார். தினமும் ஆறரைக்கு, வீட்டில் விளக்கு வைத்த கையோடு, மோட்டார் ரூம் பல்பைப் போடுவது அவர்தான். பாம்பு நடமாட்டம் உள்ள இடம் என்று காலை வரைக்கும் எரியும். அன்று போட ஆள் இல்லை. மூன்று பேஸ் கரண்டு அன்றும் ஆறரைக்கு வந்தது, மோட்டார் ஓடியது. ஆனால் கோடு ஏறவில்லை.

அந்தப் பல்பைக் கட்டியது சாஹில் இல்லை. அவர் சாவதற்கு முந்தின புரட்டாசியிலேயே அவன் வேலையை முடித்துவிட்டுப் போனான். கார்த்திகையில் நான் கட்டினேன். மோட்டார் லைனில் கரண்டு திரும்பிப் போகிற நியூட்ரல் ஒயர் கிடையாது. அதனால் எங்கள் பக்கம் எல்லாத் தோட்டத்திலும் செய்கிற மாதிரி, ஒரு ஒயரைப் பேஸிலும் இன்னொன்றை எர்த்துப் பைப்பிலும் கொடுத்து நூறு வாட் குண்டு பல்பு ஒன்று. ஸ்டார்ட்டர் பெட்டிக்கும் அதே பைப்தான் எர்த்து. மழைக்காலத்தில் மண் ஈரமாக இருந்தது, பல்பு நன்றாக எரிந்தது, ஒன்றும் இல்லை. கோடையில் மண் காய்ந்ததும் பல்பு வழியாக வரும் கரண்டு பூமிக்குள் போக வழியில்லாமல் பைப்பிலேயே நின்றது. பைப்பில் நின்றால் பெட்டியிலும் நிற்கும்.

கண் முன்னால் இருந்ததுதான். எல்லார் தோட்டத்திலும் இருப்பதால் எனக்குக் கண்ணில் படவே இல்லை.

இந்தப் போன சனிக்கிழமை சாயங்காலம் அத்தையை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டு நானே போனேன். ஸ்விட்சைப் போட்டேன், பேனா ஏறியது. அணைத்தேன், இறங்கியது. பதினோரு தடவை போட்டு அணைத்தேன். பதினோரு தடவையும் ஏறி இறங்கியது.

குடத்தைப் பற்றி நீங்கள் கேட்டபோது உங்கள் மேல் எரிந்து விழுந்தேன். அதை நான் ஒரு வருஷமாக யாரிடமும் சொல்லவில்லை. செத்த அன்றைக்கு அவர் போனில் கூப்பிட்டு, "பல்பு ரொம்ப மங்கலா எரியுது புவனா, மாத்தணுமா?" என்று கேட்டார். நான் கம்பெனியிலிருந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். "பல்பு நல்லாத்தான் இருக்கும். எர்த்து காஞ்சு போயிருக்கும். பைப்புக்கு ஒரு கொடம் தண்ணி ஊத்தியுடுங்க" என்றேன். அவர் செருப்பைக் கழற்றிவிட்டுத் தண்ணீர் ஊற்றினார். ஈரத்தில் நின்றபடி பெட்டியைத் தொட்டார். நான் சொன்னதைத்தான் செய்தார். என்றைக்கும் நான் சொன்னதை மறுத்துப் பேசாத மனுஷன்.

கெடுவான் கேடு நினைப்பான் என்பார்கள். உங்கள் பிள்ளைக்கு நான் நினைத்தேன்.

மாமனாரிடம் சொன்னேன். "இதைய வெளிய சொல்லிப்போடாத கண்ணு. ஒரு உசுரு போனது போதும்" என்றார். கேட்காமல் நேற்று இரண்டு காகிதத்தையும் எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனேன். "ஒப்புக்கிட்டு தீர்ப்பும் ஆன கேசுங்கம்மா. போய் ரெஸ்ட் எடுங்க" என்று திருப்பி அனுப்பினார்கள். எங்கள் வக்கீல் போனை எடுக்கவில்லை.

அசல் காகிதம் இரண்டும் இதோடு வைத்திருக்கிறேன். உங்கள் வக்கீலிடம் காட்டுங்கள். நான் எங்கே வேண்டுமானாலும் வந்து சொல்கிறேன். கொடுத்த வாக்குப்படி ஜாஹிதாம்மா முன்னால் வந்து நிற்கவும் தயார். நாள் மட்டும் சொல்லுங்கள்.

புவனா


கோவை
12.5.2025

புவனா அம்மணிக்கு,

வக்கீலிடம் காட்டினேன். தானே ஒப்புக்கொண்டதை இனி மாற்றுவதென்றால் மேலே மனுப் போட வேண்டுமாம். மனு எடுக்கப்படுவதற்குள் மூன்று மாதமும் முடிந்துவிடும் என்கிறார். கையால் செய்த பெட்டியின் காகிதத்தை எந்தக் கோர்ட் பார்க்கும் என்றும் கேட்டார். மனு போடச் சொல்லியிருக்கிறேன். போடுகிறேன் என்றார், சொன்ன விதம் எனக்குப் பிடிக்கவில்லை.

நீங்கள் வர வேண்டாம். மன்னித்துவிட்டேன் என்று ஒரு வரி எழுதிப் போடும்படி ஜாஹிதா சொல்கிறாள். அவள் மனசு அப்படி. மூன்று நாளாகப் பேனாவை எடுத்து எடுத்துப் பார்த்தேன், எனக்கு எழுத வரவில்லை. உங்களை மட்டும் சொல்லவில்லை. நீங்கள் காகிதத்தை நம்பினீர்கள், நான் உங்கள் கடிதத்தை நம்பினேன். "ரெண்டு தடவை முறுக்குனேன் அத்தா" என்று பெற்ற பிள்ளை சொன்னதை நான் நம்பவில்லை. நீங்கள் அவன் பெயரைப் போலீஸில் சொன்னதோடு சரி. கையைப் பிடித்துக் கொண்டுபோய் விட்டவன் நான்.

நேற்று ஜெயிலில் அவனைப் பார்த்தேன். காகிதத்தை உள்ளே கொண்டுபோக விடவில்லை, வாயால் சொன்னேன். பல்பு, பைப்பு, மண் காய்ந்தது எல்லாம். சந்தோஷப்படுவான், இல்லாவிட்டால் கோபப்படுவான் என்று நினைத்துக்கொண்டு போனேன். இரண்டும் இல்லை. நான் சொல்லி முடித்ததும், "அந்த அக்கா பல்பு ஒயரக் கழட்டிட்டாங்களா அத்தா? அந்தப் பாட்டிதான தினம் போய்ப் போடுது" என்று கேட்டான்.

உங்கள் கடிதத்தை மறுபடியும் படித்துப் பார்த்தேன். பதினோரு தடவை போட்டு அணைத்ததாக எழுதியிருக்கிறீர்கள். கழற்றியதாக எங்கும் எழுதவில்லை. கேட்டுச் சொல்கிறேன் என்று அவனிடம் சொல்லிவிட்டு வந்தேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை மறுபடி கேட்பான்.

அதை மட்டும் எழுதிப் போடுங்கள். வேறு ஒன்றும் எழுத வேண்டாம்.

அப்துல் முத்தலிப்


அவிநாசி
14.5.2025

பாய்,

இன்றுதான் கழற்றினேன்.

புவனா